வாயைக் கட்டச் சொல்பவர்களுக்கு

ஒருவருடைய உடம்பின் பருமனைப் பார்த்தே அவருடைய குணத்தைச் சொல்லிவிட முடியும் என்று நம்புகிறீர்களா? இல்லை என்றுதான் சொல்வீர்கள். அப்படியானால் போன கல்யாணத்தில், பந்தியில் நாலு பேர் நடுவே, ஒன்றுவிட்ட தங்கையிடம் "என்னடி இப்படி ஊதிட்டே, கொஞ்சம் வாயைக் கட்டக் கூடாதா?" என்று கேட்டீர்களே, அதற்கு என்ன பெயர்? அக்கறை என்பீர்கள். அக்கறை இருந்திருந்தால் தனியே கூப்பிட்டு, "ராத்திரி தூக்கம் வருதா, ரத்தப் பரிசோதனை செஞ்சு பார்த்தியா?" என்று கேட்டிருப்பீர்கள். நீங்கள் எதையும் விசாரிக்கவில்லை. அவள் கண்டதைத் தின்கிறாள், அடக்கமில்லை, சோம்பேறி என்று மூன்று குற்றங்களைச் சாட்டி, சாட்சி கேட்காமல் தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். அந்த இலையில் அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு கவளமாவது இறங்கியிருக்குமா என்று யோசித்தீர்களா?

தில்லியில் வாழும் தமிழ்ப் பெண்ணுக்கு இந்தத் தீர்ப்பு இரண்டு மொழிகளில் வருகிறது. காலையில் பூங்காவில் பக்கத்து வீட்டு பாபிஜி இந்தியில் சொல்வார். மாலையில் ஊரிலிருந்து வீடியோ அழைப்பில் மாமியார் தமிழில் சொல்வார். ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். நாற்பதைத் தாண்டியவர், மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. தில்லியில் மார்ச் பிறந்தால் எல்லோரும் ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். அவர் மட்டும் சால்வையைப் போர்த்திக்கொண்டே அலுவலகம் போனார். குரல் கரகரத்தது. குளியலறை வடிகாலில் முடி முடியாக வந்தது. மாதவிலக்கு பத்து நாள் நீடித்தது. மெட்ரோ நிலையப் படிக்கட்டில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். வீட்டில் இதற்கெல்லாம் ஒரே விளக்கம்: "உடம்பு வணங்கலை." கடைசியில் அலுவலக மருந்தகத்து மருத்துவர் எழுதிக்கொடுத்த ஒரு ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். இருக்க வேண்டிய உச்ச அளவைப் போலப் பல மடங்கு இருந்தது. அதுவரை சோம்பல் என்று பேர் சூட்டப்பட்டிருந்தது, ஆய்வகத் தாளில் ஓர் எண்ணாக வந்து நின்றது. அவரைச் சோம்பேறி என்றவர்களில் ஒருவராவது வாய் திறந்து "தப்பாச் சொல்லிட்டோம்" என்றார்களா? இல்லை. "தைராய்டாம்" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

அந்த எண் என்ன சொல்கிறது? கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, ஏறத்தாழ இருபது கிராம் எடையில் இருக்கிறது தைராய்டு சுரப்பி. உடம்பின் ஒவ்வொரு செல்லும் எவ்வளவு வேகத்தில் எரிபொருளைச் செலவழிக்க வேண்டும் என்பதை அது சுரக்கும் தைராக்சின்தான் தீர்மானிக்கிறது. சுரப்பு குறைந்தால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, டி.எஸ்.எச். என்ற மற்றொரு ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பித் தைராய்டை விரட்டுகிறது. அதனால்தான் தைராய்டு சோரச் சோர டி.எஸ்.எச். ஏறுகிறது. தைராக்சின் சுரக்கத் தேவையான அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் இந்தச் சோர்வுக்கு முதன்மைக் காரணம், நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அந்தச் சுரப்பியை அந்நியன் என்று எண்ணித் தாக்குவது. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912இல் இதை விவரித்து எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. இதில் எந்த இடத்தில் சோம்பல் வருகிறது? எந்த இடத்தில் பெருந்தீனி வருகிறது? முற்பிறவிப் பாவம் நுழைய எங்கே இடைவெளி இருக்கிறது?

இங்கிலாந்தில் 1891இல் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், முகம் வீங்கி, பேச்சு குழறி, நடமாட்டம் ஒடுங்கிப்போன 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது, பேச்சு தெளிந்தது. அந்தப் பெண் அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919இல் இறந்தார். யாரும் அவருக்கு நல்லொழுக்கம் போதிக்கவில்லை. எந்தக் கோயிலுக்கும் நேர்ந்துகொண்டு அவர் எழுந்து நடக்கவில்லை. உடம்பில் குறைந்திருந்த ஒரு பொருள் திரும்பக் கிடைத்தது, அவ்வளவுதான். 1914இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். 1927இல் அதை ஆய்வகத்திலேயே செய்துவிட்டார்கள். இன்று தில்லியின் எந்த மருந்துக் கடையிலும் அது ஓரிரு ரூபாய் மாத்திரை.

இனி நோயாளியிடமும் பேச வேண்டும். உங்களைச் சிந்திக்கும் மனிதராக மதிப்பதால் மழுப்பாமல் சொல்கிறேன். உங்கள் எடை முழுவதற்கும் தைராய்டைக் காரணம் காட்ட முடியாது. சுரப்புக் குறைவால் நேரடியாகக் கூடும் எடை, அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் கணக்குப்படி, பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நாலரை கிலோதான். அதிலும் பெரும்பகுதி கொழுப்பே இல்லை. உடம்பில் தேங்கிய உப்பும் தண்ணீரும். மாத்திரை சரியான அளவில் சேர்ந்தால் அது வடியும். அதற்கு மேல் மாத்திரை எடையைக் குறைக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இருபது கிலோ கூடியிருக்கிறவருக்கு மீதிப் பதினைந்து கிலோவின் காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

"பார்த்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோமே" என்று இந்த இடத்தில் எழுந்து நிற்கிறவர்களை உட்காரச் சொல்கிறேன். அந்த மீதிப் பதினைந்து கிலோவும் குணக்கேட்டுக்குச் சான்றாகாது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் இந்திய அளவில் 24 சதவீதம். தில்லியில் 41.3. தமிழ்நாட்டில் 40.4. தில்லிப் பெண்களில் பத்துக்கு நாலு பேருக்கு ஒரே சமயத்தில் ஒழுக்கம் கெட்டுவிட்டதா? தமிழ்நாட்டுப் பெண்களுக்கும் அதே சமயத்தில் அதே அளவுக்குக் கெட்டுவிட்டதா? இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் மலிவான மாவும் எண்ணெயும் சர்க்கரையும் இருக்கின்றன. நாற்காலியோடு கட்டிப்போடும் வேலை இருக்கிறது. மரபு, பிள்ளைப்பேறு, வயது, தூக்கமின்மை இருக்கின்றன. தைராய்டு நோயாளிக்கு இவை எல்லாவற்றோடும், காலையில் எழும்போதே உடம்பைத் தூக்க முடியாத அந்த அசதியும் சேர்கிறது. அசதி நடையைக் குறைக்கிறது. நடை குறைந்தால் தசை குறைகிறது. தசை குறைந்தால் செலவாகும் சக்தி குறைகிறது. இது உடலியல். இதற்கு அறநெறிப் பெயர் சூட்டுவது அறியாமை.

தில்லி, சென்னை உட்பட எட்டு நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஏறக்குறைய 11 சதவீதத்தினருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தது. பெண்களில் இது ஆண்களைப் போல மூன்று மடங்கு. கடலோர நகரங்களைவிடத் தில்லி போன்ற உள்நாட்டு நகரங்களில் கூடுதல். இதில் என்னை உலுக்கிய செய்தி வேறு. நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. நீங்கள் பந்தியில் வைத்துத் தீர்ப்புச் சொன்ன பெண் அந்த மூன்றில் ஒருவராக இருக்கலாம். அதை அறிந்துகொள்ள ஒரே ஒரு குழாய் ரத்தம் போதும். அதைச் சொல்ல வேண்டிய வாயால்தான் நாம் ஏசுகிறோம்.

மாத்திரை கையில் வந்த பிறகாவது நிலைமை மாறுகிறதா? அதையும் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். தைராக்சினை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் விழுங்க வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறெதுவும் உள்ளே போகக் கூடாது, காப்பிகூட. இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சேர்ந்து போனால் அவை தைராக்சினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. நான் சொன்ன அந்த ராமகிருஷ்ணபுரத்துக்காரருக்கு அதிக உதிரப்போக்கால் ரத்தசோகை. அந்த உதிரப்போக்கே தைராய்டால் வந்ததுதான். ஒரு மருத்துவர் தைராக்சின் எழுதினார், இன்னொருவர் இரும்பு எழுதினார். ஐந்தரை மணிக்கு எழுந்து, பாலை அடுப்பில் வைத்துவிட்டு, இரண்டு மாத்திரைகளையும் ஒரே வாயில் போட்டு, கையோடு காப்பியும் குடித்துவிட்டுத்தான் குக்கரை ஏற்றினார். பிள்ளைக்கு ஏழு மணிக்குப் பள்ளி வண்டி. கணவருக்குச் சாப்பாட்டு டப்பா. டி.எஸ்.எச். குறையவில்லை, மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார், அப்போதும் குறையவில்லை. "மருந்து ஒழுங்காச் சாப்பிடறதில்லை" என்று வீட்டில் புதிதாக ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. தினமும் தவறாமல் விழுங்கியவருக்கு இந்தப் பெயர். மாத்திரைச் சீட்டைக் கையில் வாங்கி, எதை எப்போது விழுங்குகிறாய் என்று கேட்க இரண்டு நிமிடம் ஒதுக்க மருத்துவமனையிலும் ஆளில்லை, வீட்டிலும் ஆளில்லை. இரும்பு மாத்திரையை இரவுக்கு மாற்றியதும் எண் இறங்கத் தொடங்கியது.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது. தைராய்டு நன்றாக வேலை செய்கிறவர்கள், எடை குறையட்டும் என்று இந்த மாத்திரையை விழுங்குவது. நோய் உள்ளவர்கள் சீக்கிரம் இளைக்கலாம் என்று தாங்களே அளவைக் கூட்டிக்கொள்வது. அளவு மீறினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும், எலும்பு மெலியும். உடல் பருமனுக்கோ எடைக் குறைப்புக்கோ இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கட்டம் கட்டி அச்சடிக்க வைத்திருக்கிறது. அந்த எச்சரிக்கைக்கு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. 1960களில் அமெரிக்காவில் வண்ண வண்ண மாத்திரைகளில் தைராய்டு ஹார்மோனையும் ஆம்பெட்டமினையும் இதய மருந்தையும் கலந்து 'மெலிவு மருத்துவம்' நடத்தினார்கள். பெண்கள் செத்தார்கள். 1968இல் செனட் சபை விசாரணை நடந்தது.

நம் ஊருக்கு வருவோம். மருந்துகள் மற்றும் மாய மருத்துவம் தொடர்பான ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம் என்று ஒன்று 1954லிருந்து இந்தியாவில் இருக்கிறது. இன்னின்ன நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாது என்று அதன் அட்டவணை சொல்கிறது. அதில் உடல் பருமன் இருக்கிறது. தைராய்டு வீங்குவதால் வரும் கழுத்துக் கழலையும் இருக்கிறது. எழுபது ஆண்டுக்கு முன்னால் இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு, நோயாளியின் அவமானத்தில்தான் பித்தலாட்டம் செழிக்கும் என்பது தெரிந்திருந்தது. நமக்குத் தெரிகிறதா?

2022 ஜூலை 10 அன்று நாளிதழில் பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று வந்தது. அலோபதி பரப்பும் தவறான கருத்துகளிலிருந்து உங்களையும் நாட்டையும் காத்துக்கொள்ளுங்கள் என்றது. குணமாகும் நோய்களின் வரிசையில் தைராய்டையும் சேர்த்திருந்தது. இந்திய மருத்துவச் சங்கம் தில்லியில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இதற்கிடையே கேரளத்துக் கண் மருத்துவர் கே.வி. பாபு கொடுத்த புகார்களின் பேரில், 2022 நவம்பரில் உத்தராகண்ட் உரிம அதிகாரி, பதஞ்சலி மருந்துகளைத் தயாரிக்கும் திவ்யா ஃபார்மசியின் ஐந்து மருந்துகளின் உற்பத்தியை நிறுத்தச் சொன்னார். அவற்றில் ஒன்றின் பெயர் தைரோகிரிட். சில நாட்களிலேயே அந்த உத்தரவைத் திருத்தி, உற்பத்தியைத் தொடர விட்டார்கள். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஒரு பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று பொய்யாகச் சொன்னால் பொருளுக்கு ஒரு கோடி ரூபாய் அபராதம் விதிக்க நேரும் என்று எச்சரித்தது. விளம்பரங்கள் நிற்கவில்லை. 2024 பிப்ரவரியில் நீதிமன்ற அவமதிப்பு நோட்டீஸ் போனது. ஏப்ரலில் நாளிதழ்களில் மன்னிப்பு அச்சாயிற்று. விளம்பரம் போட்ட அளவுக்குத்தான் மன்னிப்பும் போட்டீர்களா என்று நீதிபதிகள் கேட்டார்கள். 2024 ஆகஸ்ட் 13 அன்று மன்னிப்பை ஏற்று அவமதிப்பு வழக்கை முடித்தார்கள்.

நான் ஆயுர்வேதத்துக்கு எதிராகவோ அலோபதிக்கு ஆதரவாகவோ கட்சி கட்டவில்லை. மாத்திரை எந்த மரபிலிருந்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை பேருக்குக் கொடுத்தாய், யாரோடு ஒப்பிட்டாய், டி.எஸ்.எச். எவ்வளவு இறங்கியது, யார் சரிபார்த்தார்கள்? பதில் இருந்தால் வாங்குவோம். "பாரம்பரியம்" என்பது பதில் ஆகாது. "என் சகலைக்குக் குணமாச்சு" என்பதும் பதில் ஆகாது. தைராக்சினை நிறுத்திவிட்டு ஏதோ சூரணத்தை நம்பி ஓர் ஆண்டைக் கழிக்கிற பெண்ணின் கொலஸ்டிரால் ஏறுகிறது, இதயம் தளர்கிறது. கருவுற்றிருந்தால் வயிற்றில் வளரும் பிள்ளையின் மூளையும் அந்த ஹார்மோனுக்காகத் தாயையே நம்பியிருக்கிறது. நிறுவனம் மன்னிப்பை அச்சடிக்கலாம். அந்த ஓர் ஆண்டை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

நீதிமன்றம் விளம்பரத்தைத் தடுக்கலாம். வீட்டுக்குள் இருக்கும் நம்பிக்கைகளை யார் விசாரிப்பது? தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு தில்லியில் கர்வா சௌத் வரும். விடியுமுன் சாப்பிட்டுவிட்டு, நிலவு தெரியும்வரை சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பெண்கள் விரதம் இருப்பார்கள், கணவரின் ஆயுளுக்காக. இங்கே நெடுநாள் வாழ்ந்த சில தமிழ்க் குடும்பங்களிலும் இது ஒட்டிக்கொண்டுவிட்டது. நம் பங்குக்கு வெள்ளிக்கிழமை, சஷ்டி, ஏகாதசி இருக்கவே இருக்கின்றன. ஒரு நாள் மாத்திரை தவறினால் உயிர் போய்விடாது. தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆனால் "விரதத்தன்னிக்கு மருந்து வேண்டாம்" என்பது மாதத்தில் நாலு நாள், ஆறு நாள் என்று சேரும்போது அந்தக் கணக்கு உடம்பில் ஏறுகிறது. மனைவி பட்டினி கிடந்தால் கணவரின் ஆயுள் கூடும் என்பதற்கு ஆதாரம் என்ன? மனைவியின் ஆயுளுக்காக எத்தனை ஆண்கள் ஒரு வேளை பட்டினி இருக்கிறார்கள்? பட்டினியால் ஆயுள் கூடுவது உண்மையானால், சொந்த ஆயுளுக்குச் சொந்த வயிற்றைக் காயப்போடுவதுதானே நியாயம்?

விரதம் இருந்தால் எடை குறையும் என்று சிலர் அதற்கு விஞ்ஞானப் பூச்சு பூசுகிறார்கள். நவராத்திரியில் தில்லி உணவகங்கள் தரும் விரதத் தட்டைப் பாருங்கள்: எண்ணெயில் பொரித்த ஜவ்வரிசி வடை, நெய்யில் பொரித்த குட்டு மாவுப் பூரி, உருளைக்கிழங்கு. கூடவே இந்துப்பு. இந்த இந்துப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 'இயற்கையானது' என்று இப்போது வருஷம் முழுக்க அதையே வாங்குகிறார்கள், தைராய்டுக்கு நல்லது என்றுகூடச் சொல்கிறார்கள். அதில் பெரும்பாலும் அயோடின் சேர்க்கப்படுவதில்லை.

அயோடின் உப்பு நம் கைக்கு எப்படி வந்தது தெரியுமா? இமயமலை அடிவாரத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கு முழுக்கக் கழுத்துக் கழலையோடு மக்கள் வாழ்ந்தார்கள். குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் பணியாற்றியவரும் பின்னாளில் தில்லி எய்ம்ஸ் இயக்குநருமான வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவும் 1956இல் அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்குச் சாதாரண உப்பும் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அயோடின் உப்புப் பகுதிகளில் கழலை கணிசமாகக் குறைந்தது, மற்றதில் குறையவில்லை. பிறகு அந்தப் பகுதிக்கும் அயோடின் உப்பு தரப்பட்டது, அங்கும் குறைந்தது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. தலைமுறை தலைமுறையாக விதி என்று ஏற்றுக்கொண்டிருந்ததை ஒரு சிட்டிகை உப்பு தீர்த்தது. தீர்த்ததா என்பதை எண்ணிப் பார்த்தும் நிரூபித்தார்கள். இதைத்தான் நான் மனிதநேயம் என்பேன். ஹாஷிமோட்டோ நோயை அயோடின் உப்பு குணப்படுத்தாது, கடல்பாசி மாத்திரை என்று அயோடினை அள்ளிப் போட்டுக்கொண்டால் கேடுதான். ஆனால் அளவான உப்பை அயோடினோடு சாப்பிடுவதை விட்டு இந்துப்புக்குத் தாவும் கர்ப்பிணிப் பெண், காங்க்ராவில் வென்றெடுத்ததைக் காசு கொடுத்துத் தொலைக்கிறார். குளிர்காலத்தில் தில்லி முழுக்கக் குவியும் காலிஃபிளவரைத் தைராய்டுக்காரர் தொடவே கூடாது என்ற பயமுறுத்தலும் இப்படித்தான். அயோடின் போதிய அளவு கிடைக்கிறவர், சமைத்துச் சாப்பிடும் அளவில் அஞ்ச வேண்டியதில்லை.

அப்படியானால் எடை குறையுமா, குறையாதா? குறையும். டி.எஸ்.எச். சரியான அளவுக்கு வந்துவிட்டால், எடையைக் குறைப்பதில் தைராய்டு நோயாளிக்கும் மற்றவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மற்றவருக்கு எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு கஷ்டம். வேளைக்கு வேளை பருப்பு, முட்டை, தயிர், காய்கறி தட்டில் முதலிடம் பெற வேண்டும். சோறும் சப்பாத்தியும் சுருங்க வேண்டும். நாளுக்கு நாலு தேநீரில் கரையும் சர்க்கரை போக வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை, இரண்டு நாள் தசைக்கு வேலை. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே நல்ல முன்னேற்றம். 2025 மார்ச் முதல் மவுன்ஜாரோ போன்ற எடைக் குறைப்பு ஊசிகளும் இந்தியக் கடைகளில் இருக்கின்றன. அவை முறையான சோதனைகளில் தேறியவை. மருத்துவர் பார்த்து எழுதினால் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மாதாமாதம் அதற்கான பணம் எல்லார் கையிலும் இல்லை, எடை இறங்கும்போது தைராக்சின் அளவையும் திரும்பப் பார்க்க வேண்டும். அதைக் 'குறுக்குவழி' என்று இகழ்கிறவர், நோயாளி கஷ்டப்பட்டே தீர வேண்டும் என்று ஏன் ஆசைப்படுகிறார் என்பதை அவரே யோசிக்கட்டும்.

மேலே சொன்ன பட்டியலை யாரும் படித்துவிடலாம். அதைச் செய்ய வேண்டிய நேரம் யாரிடம் இருக்கிறது? 2024இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள்; ஆண்கள் 88 நிமிடம். வித்தியாசம் மூன்று மணி நேரத்துக்கும் மேல். அந்தப் பெண்ணின் நடை எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா? இந்த மூன்று மணி நேரத்துக்குள் போயிற்று. அவருடைய தூக்கமும் அங்கேதான் போயிற்று. எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் பாத்திரத்தில் மிஞ்சியதை, வீணாகக் கூடாதே என்று இரவு பத்தரைக்கு வழித்துச் சாப்பிடுகிறாரே, அந்தச் சாப்பாட்டுக்கும் இங்கேதான் கணக்கு இருக்கிறது. அவருக்கென்று தனியாகக் கீரை சமைத்தால் "இது வேறயா" என்று முகம் சுளிக்கிறவர்கள், அவருடைய எடையைப் பற்றிப் பேச என்ன தகுதி பெற்றவர்கள்?

அரசும் தப்ப முடியாது. நவம்பரில் தில்லியின் காற்றில் வேகநடை போடச் சொல்வது நோயாளிக்குச் செய்யும் கொடுமை. விடியற்காலை ஐந்து மணிக்குத் தெருவிளக்கு எரியாத சாலையில் ஒரு பெண் தனியாக நடக்க முடியுமா? பூங்காவின் வேலியையும் விளக்கையும் சரிசெய்வது மருத்துவச் செலவைவிட மலிவு. கருவுற்ற நாள் முதலே ஒவ்வொரு பெண்ணுக்கும் டி.எஸ்.எச். பார்ப்பதும், மாத்திரை எழுதிக்கொடுக்கும்போதே எதோடு சேர்க்கக் கூடாது என்று அவரவர் மொழியில் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பதும் செய்ய முடியாத காரியங்களா?

நோயுற்ற சகோதரியே, உங்கள் பங்கும் இருக்கிறது, அதை வேறு யாரும் செய்ய முடியாது. உங்கள் டி.எஸ்.எச். எண் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், கணவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. மாத்திரையை யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள், கூட்டாதீர்கள். மாத்திரை எழுதிக்கொடுத்து இரண்டு நிமிடத்தில் அனுப்பப் பார்க்கும் மருத்துவரிடம், "இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு, சார்" என்று நாற்காலியை விட்டு எழாமல் கேளுங்கள். வீட்டில் உங்களுக்கென்று நாற்பது நிமிடம் வேண்டும் என்று கெஞ்சாமல் சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கும் கணவர், மகன், மாமியார் எல்லாருக்கும்: இன்றிரவே அந்த இரும்பு மாத்திரை டப்பாவைத் தைராய்டு மாத்திரைக்குப் பக்கத்திலிருந்து எடுத்து வேறு அலமாரியில் வையுங்கள். நாளைக் காலை அடுப்பை நீங்கள் பற்றவையுங்கள், சாப்பாட்டு டப்பாவையும் நீங்கள் கட்டுங்கள், அவர் நடந்துவிட்டு வரட்டும். மாத்திரை அளவு மாறி ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போங்கள். மருத்துவரிடம் அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.